வஜீஹ் ருசி பார்த்த நாள்

அந்த வசந்தத்தில் எனக்கு வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ஒரு காலையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் காப்பி பொங்கிக் கருகியது எனக்குத் தெரியவே இல்லை. வாயில் எதைப் போட்டாலும் சூடு, குளிர்ச்சி, மெதுமெதுப்பு, அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. டமாஸ்கஸில், மைதான் பகுதியில், 'சமீஹா வீட்டுச் சாப்பாடு' என்றால் ஒரு பேர் உண்டு. கைக்கு அளவு பழகியதுதானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். மகன் யஸன் வெளிநாட்டில் இருந்தான். வீட்டில் நானும் என் கணவர் வஜீஹும் மட்டும்தான். அவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். திருமணமாகி முப்பத்தொரு வருடத்தில், எனக்கு நினைவு இருந்தவரை, என் சமையலை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. மரத்தூளை வேகவைத்துக் கொடுத்தாலும் ரொட்டியில் சுருட்டித் தின்றுவிட்டு எழுந்துபோவார் என்று என் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அவருடைய அக்கா ரபீஹா வந்திருந்தார். எண்ணெயில் வதக்கிய பச்சை பீன்ஸ் வைத்தேன். ஒரு வாய் எடுத்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா சமீஹா, இத கடல் தண்ணியிலயா வேகவச்ச?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. அதே பீன்ஸைத்தான் வஜீஹ் முந்தின நாளிலிருந்து தின்றுகொண்டிருந்தார். அவர் கடையிலிருந்து வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், அதை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன் என்றார். நாக்கு செத்துப்போன கதையை அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என் அழுகைக்கு அவமானம் பாதி, கோபம் பாதி. சாக்குச் சொல்கிறார், இந்த மனிதருக்கு உப்பு கூடத் தெரியவில்லை, இத்தனை வருடம் யாருக்காகச் சமைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முஹர்ரம் முதல் நாள், எங்கள் ஹிஜ்ரி வருடப் பிறப்பு, அந்த ஆண்டு கோடையில் வந்தது. வருடப் பிறப்பன்று எங்கள் ஊரில் வெள்ளைச் சாப்பாடு சமைப்போம், அந்த வருடம் முழுக்க வெண்மையாக, நல்லபடியாக இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டில் அது ஷிஷ்பரக்: கொத்திய இறைச்சியைப் பொதிந்த சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள், காய்ச்சிய தயிரில் வெந்தவை. குடும்பம் முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தம்பி மூலம் விஷயம் தெரிந்த ரபீஹா போன் செய்து, இந்தத் தடவை நான் சமைக்கிறேன், நீ ஓய்வெடு என்றார். வீம்பாக முடியாது என்றேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது.

வருடப் பிறப்பன்று விடிந்ததும் மாவு பிசைந்தேன். வஜீஹ் சமையலறைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துக் கை கழுவினார். நீங்கள் போய் உட்காருங்கள் என்றேன். அவர் போகவில்லை. ஒரு கரண்டியை எடுத்துத் தயிரை நக்கிப் பார்த்தார்.

"புளிப்பு பத்தல. நீ ஆட்டுத்தயிர்ல கொஞ்சத்த முதநாளே வெளிய வச்சு, புளிக்கவிட்டுக் கலப்பல்ல?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சரிசெய்தோம். நான் தயிரை ஒரே பக்கமாகக் கிண்டினேன். அவர் நெய்யில் பூண்டையும் கொத்தமல்லியையும் போட்டு, குனிந்து மோந்துகொண்டே நின்றார். நிறத்தைப் பார்த்து நான் இறக்கச் சொன்னேன். இரு இரு என்றார். இன்னும் பச்சை வாடை அடிக்கிறதாம். பிறகு அவராகவே இறக்கினார்.

கடைசியாக இறைச்சி. ஒரு சிட்டிகை வாயில் போட்டு, கண்ணை மூடி வெகுநேரம் மென்றார்.

"மிளகு இருக்கு, பட்டை இருக்கு. இன்னொண்ணு இல்ல, யஸன் அம்மா. முழுங்கின அப்புறம் மெதுவா ஒரு சூடு ஏறுமே, அது. எங்கம்மா செஞ்சதுலயும் இருக்காது, அக்கா செய்யறதுலயும் இருக்காது. நீ செய்யறதுல மட்டும்தான்."

சாதிக்காய்! என் அம்மா வீட்டு வழக்கம் அது. அம்மா அவருடைய அம்மாவிடம் கற்றது. மணமே வராமல் போனதால், மூன்று மாதமாக அந்த டப்பாவை நான் தொடவே இல்லை. எனக்கே மறந்துபோனதை, என் அம்மாவை நாலைந்து முறைதான் பார்த்த இந்த மனிதர் நாக்கில் வைத்திருந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சவரு ஒரு நாளாச்சும் வாயத் திறந்து சொன்னீங்களா?"

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் கத்திரிக்கா நல்லாருக்குன்னு சொன்னேன். ஒரு மாசம் தெனம் கத்திரிக்கா போட்ட. அன்னிக்கு மூடின வாய்தான்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் சாதிக்காயைத் துருவிக்கொண்டிருந்தார், மெஷின் திருகாணிக்குக் காட்டும் அதே கவனத்தோடு.

மதியம் பதினான்கு பேர் உட்கார்ந்தோம். ரபீஹா பீன்ஸ் ஞாபகத்தில் முதல் கரண்டியைச் சந்தேகமாகத்தான் எடுத்தார். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும், சமைத்தவருக்குச் சொல்லும் எங்கள் வழக்கப்படி, உன் கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்று என்னை வாழ்த்திவிட்டு, நாக்கு திரும்பிவிட்டதா என்று கேட்டார்.

வஜீஹ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஆனால் நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், புளிக்காத தயிரிலிருந்து சாதிக்காய் வரை. சொல்லி முடித்து, எல்லோர் முன்னாலும் அவர் பக்கம் திரும்பி, "உங்க கைக்குச் சுகம் உண்டாகட்டும், யஸன் அப்பா," என்றேன். முப்பத்தொரு வருடத்தில் இந்த வார்த்தையை நான் அவருக்குச் சொல்லச் சந்தர்ப்பம் வந்ததே இல்லை. அவர் காது மடல்வரை சிவந்துவிட்டார்.

"இவனா?" என்றார் ரபீஹா. "சின்ன வயசுல சோப்பக் கடிச்சுட்டு வெண்ணெய்னு சொன்னவன் இவன்." சிரிப்பில் வீடு அதிர்ந்தது. ஆனால் கிளம்பும்போது என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், எவ்வளவு சாதிக்காய் என்று மெதுவாகக் கேட்டார். அவர் உள்ளங்கையில் கிள்ளி வைத்தே காட்டினேன்.

பனிக்காலத்தில் என் மூக்கு மெல்லத் திரும்பியது. கணப்பின் மேல் காயப்போட்ட ஆரஞ்சுத் தோலின் மணம்தான் முதலில் வந்தது. நாக்கு இன்னும் பாதிதான். ஆண்டவனுக்கு நன்றி, அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வஜீஹ் கரண்டியோடு அடுப்பருகே வந்து நிற்கிறார். சுருக்கமாகத்தான் பேசுகிறார்: உப்பு சரி, புளிப்பு இன்னும் கொஞ்சம், இறக்கு. நான் இறக்குகிறேன்.