முட்டைக்குள் பார்த்தவள்

பெரிய வியாழன் காலை. சான் ஆற்றங்கரை ஊரில் எல்லா வீட்டிலும் போல பெலாஜியாவின் அடுக்களையிலும் ஈஸ்டர் ரொட்டிக்கு மாவு தயாராக இருந்தது. முட்டை உடைக்கும் வேலை ஃபிரைடாவுக்கு. அந்த வீட்டில் அவள் பெயர் மரியானா; சண்டையில் வீடிழந்த கத்தோலிக்க விதவை, சமையல்காரி. மூலையில் கசகசா இடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயது கிரிஸ்டினாவை பெலாஜியாவின் தங்கை மகள் என்று ஊர் நம்பியது. அவள் ஃபிரைடா பெற்ற ரெய்சா. யூதர்களை ஒளித்து வைத்தால் ஊரைப் பிடித்திருக்கும் அந்நியப் பட்டாளம் வீட்டோடு கொளுத்தும் என்று தெரிந்தே வைத்திருந்தாள் பெலாஜியா, மகராசி.

ஃபிரைடாவுக்கு ஜெபமாலை முழுக்கத் தலைகீழ்ப் பாடம். சிலுவை போடுவதில் ஊர்க்காரிகள் அவளிடம் பிச்சை வாங்கவேண்டும். நாக்கைப் பழக்கியாயிற்று, முழங்காலைப் பழக்கியாயிற்று. கையையும் பழக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

புளித்த மாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரொசாலியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி மரியானா, முட்டைக்குள்ள வைரமா தேடற?"

ஃபிரைடா அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடித் தம்ளரில் தனியாக உடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை யூதருக்கு ஆகாது. பிறந்த வீட்டுப் பழக்கம். பாழாய்ப்போன கை, அவளைக் கேட்காமலே செய்திருந்தது.

"அழுகல் இருக்குமோன்னு பாத்தேங்க்கா."

"இன்னைக்கு இட்ட முட்டையிலயா? யார்கிட்டடி கதை விடற? ஆலைக்கார யூதர் வீட்டுல பாத்திரம் தேச்சவ நான். அந்தம்மாவும் இப்படித்தான் தூக்கித் தூக்கிப் பாக்கும்." ரொசாலியாவின் குரல் இறங்கியது. "ஏன் பெலாஜியா, உனக்குத் தெரியுமா இது?"



"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஏமாத்தித்தான் உள்ள வந்தேன்" என்று ஃபிரைடா முந்திக்கொண்டாள்.

ரொசாலியாவின் கண் மூலைக்குப் போனது. தான் போனால் போகட்டும், குழந்தை பிழைக்கவேண்டும்.

"ஏ பொண்ணு, இவ உனக்கு யாரு?"

"வேலைக்காரி. பெரியம்மா வச்ச ஆளு." உலக்கை நிற்கவில்லை.

"நெசமாவா?"

"அவ மேல நாத்தம் அடிக்கும். நான் கிட்டயே போமாட்டேன்."

முதல் பதில், ஃபிரைடா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதைக் குழந்தையே சேர்த்துக்கொண்டது. ரொசாலியா சிரித்துவிட்டாள். நம்பிவிட்டாள். பிறகு ஊர்த்தலைவரைக் கூப்பிட ஓடினாள்.

ஃபிரைடாவும் ஓடியிருக்கலாம். ஓடினால் வீட்டைக் குடைவார்கள், பிள்ளையைத் துருவுவார்கள். அதனால் சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நின்றாள். மகளை ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நெஞ்சு கிடந்து துடித்தது. ஆனால் வாசலில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது.

ஆட்கள் வந்து அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். தன்னைக் கடந்து போன தாயைப் பார்த்து ரெய்சா இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கெட்டிக்காரி என்று நினைத்தபடியே ஃபிரைடா படியிறங்கினாள்.