அந்தப் பதினேழு பேர்

புற்றுநோய்க் கட்டிகளின் படங்களைக் கணினியைக் கொண்டு படிக்கும் ஆராய்ச்சியில் அவள் முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிவிட்டது. போஸ்ட்டாக் எனும் அடுத்தகட்ட ஆராய்ச்சி வேலைக்கு நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டாயிற்று. மருத்துவ ஆய்வகங்களில் அவளைக் கணினிக்காரி என்று ஒதுக்கினார்கள். கணினி ஆய்வகங்களில் உயிரியல்காரி என்று கைகழுவினார்கள். அக்கா வீட்டு ஹாலில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்திரண்டாவது, பெயர்போன ஆய்வகம். நேர்காணலில் பேராசிரியர் தேனாகப் பேசினார். இதுதான் கடைசிச் சுற்று என்று அறுநூறு நோயாளிகளின் படங்களை அனுப்பி, கட்டிகளைத் தரம் பிரிக்கும் புரோகிராம் ஒன்றைப் பத்து நாளில் எழுதித் தரச் சொன்னார். சோறு தண்ணி மறந்து எழுதினாள். முடிக்கும்போது அவர்கள் அனுப்பிய தரவில் ஒரு தப்பு கண்ணில் பட்டது. பதினேழு நோயாளிகளின் முடிவுகள் இடம் மாறிக் கிடந்தன. ஆபத்தான கட்டிக்கு ஆபத்தில்லை என்று இருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அதைச் சொல்லி அனுப்பினாள்.

பதிலே இல்லை. மூன்று முறை நினைவூட்டிய பிறகு, இந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை என்று ஒற்றை வரி வந்தது.

ஐந்து மாதம் கழித்து அந்த ஆய்வகத்தின் கட்டுரை வெளியானது. அதோடு இணைத்திருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தாள். வரிக்கு வரி அவளுடையது. நடுநடுவே தனக்காக அவள் எழுதிவைத்த குறிப்புகளைக்கூட அழிக்கவில்லை. கூடவே இருந்த தரவில் அந்தப் பதினேழு தப்பும் அப்படியே இருந்தன. உழைப்பை உருவியவர்கள் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய ஆட்களோடு மோதினால் இருக்கிற கதவையும் சாத்திவிடுவார்கள் என்றாள்.

"எந்தக் கதவுக்கா திறந்திருக்கு? திருடினதுகூடப் போகட்டும். இதை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர், 'உனக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போ'ன்னு யார்கிட்டயாவது சொல்வாரு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினாள். "எழுதுடி," என்றாள்.

தேதிகள், கடிதங்கள், அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்பினாள். மறுநாளே பேராசிரியர் போனில் வந்தார். குரலில் அதே தேன். கட்டுரையின் நன்றியுரையில் அவள் பெயரைப் போட்டுவிடலாம், இதைப் பெரிதாக்கினால் அவளுக்குத்தான் வேலை கிடைக்காது என்றார்.

"உங்க நன்றி யாருக்கு வேணும் சார்? முதல்ல அந்தப் பதினேழு பேரைச் சரி பண்ணுங்க. என் பேரை எங்க போடணும்னு அப்புறம் பேசலாம்."

இரண்டு மாதத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். காரணமாகத் 'தரவுப் பிழை' என்று மட்டும் போட்டிருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. நாள் குறித்திருந்த வேறு இரண்டு நேர்காணல்கள் காரணம் சொல்லாமலே ரத்தாயின. கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத் தலைவி, பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று விசாரித்து அவளைக் கூப்பிட்டாள். ஒரு வருட ஒப்பந்தம். சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்த இரண்டாம் மாதம், அதே பேராசிரியர் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குத் தலைவரானதாகச் செய்தி வந்தது. லேப்டாப்பை அவள் அறைந்து மூடிய சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். அதைத் திறந்து படித்தாள். படித்துவிட்டு அவளும் அறைந்துதான் மூடினாள்.