ஒரு அங்குலச் சரிவு

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் ஐம்பத்திரண்டு நாளாயிற்று. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. படுக்கையறைச் சுவர் ஈரம் கோத்து, அவளுக்கு இழுப்பு வந்து, இனி ஈரவாடையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு பெட்டியை எடுத்தாள். செருப்பு மாட்டும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சுவரு காயட்டும். காஞ்சா போன் பண்ணுங்க, வரேன்." காயாவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவர் கதவு மாட்டுகிறவர். முப்பத்தொரு வருஷ வேலை. அவர் மாட்டிய கதவைப் பாதி திறந்துவிட்டால் பாதியிலேயே நிற்கும். தானாகத் திறக்காது, தானாகச் சாத்தாது. மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காத வரை அவருக்குச் சோறு இறங்காது. அதனால் பட்டறையில் அவருக்கு 'ரசமட்டம்' என்றே பேர் விழுந்துவிட்டது.

இந்த ஐம்பத்திரண்டு நாளும் வேலைக்குப் போனார், வந்தார், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். வருத்தமா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தன்னுடையதுதான், ஆனால் உணர்ச்சி இல்லை.

ஒழுகல் எங்கே என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தார். கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கி, கோடியில் உள்ள குழாய்க்குக் கொண்டுபோகும் தகர வாய்க்கால் ஒன்று உண்டு. இருபதடி நீளம், இரண்டு துண்டு, நடுவில் ஒட்டு. ஆறு வருஷத்துக்குமுன் அவரே மாட்டியது. அதைத் தாங்கிப் பிடிக்கும் மூன்றாவது கிளாம்ப் அருகே சொட்டியது. மூன்று தடவை ஏணி போட்டு ஏறி, சொட்டும் இடத்தில் வெளிப்பக்கமாகப் பசையை அப்பினார். மூன்று தடவையும் அடுத்த மழையில் சுவர் நனைந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மச்சான் ஒரு பெரிய பையோடு வந்து நின்றான். மனைவியின் தம்பி, தகரக்கூரை போடும் வேலைக்காரன்.

"அக்கா துணி எடுத்துட்டு வரச் சொல்லுச்சு மாமா."

"எந்தத் துணி?"

"எல்லாத்தையும்."

அவர் பீரோவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மச்சான் நாலு புடவையைப் பைக்குள் வைத்தான். பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தான். உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பையைக் கட்டில்மேல் போட்டான்.

"ஏணி எங்க இருக்கு?"

"நான் மூணு தரம் ஏறிப் பாத்துட்டேன் மாப்ள."

"நீங்க பாத்தது சொட்டுற இடம். தண்ணி பூந்த இடத்தைப் பாத்தீங்களா? மூக்குல சளி ஒழுகுதுன்னா மூக்கையா அடைப்பாங்க?"

மச்சான் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினான். ஏறியதும் சிரித்தான். "யாரு மாமா இது, சப்பின மிட்டாயைக் கொண்டாந்து அப்பினது?" காய்ந்த பசையைப் பட்டை பட்டையாக உரித்துக் கீழே போட்டான். வாய்க்காலுக்குள் கிடந்த சகதியைக் கரண்டியால் வழித்தான். "ஒரு வாளி தண்ணி குடுங்க."

கொடுத்தார். மச்சான் குழாய் இல்லாத கோடியில் தண்ணீரை ஊற்றினான். ஒரு காய்ந்த இலையை அதில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"மேல வாங்க மாமா. வந்து இந்த வேடிக்கையைப் பாருங்க."

அவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். இலை மிதந்தது. நகரவில்லை. தண்ணீர் குளம் மாதிரி நின்றது. நடுவில் உள்ள ஒட்டு முழுக்க முங்கிக் கிடந்தது. ஒட்டின் அடியில் கசிந்த நீர் தகரத்தின் வயிற்றை ஒட்டியே நாலடி ஓடி, கிளாம்பைத் தொட்டதும் சொட்டியது. சொட்டிய இடத்துக்கு எதிரே சுவர்.

மச்சான் அவருடைய வேலைப் பையிலிருந்த ரசமட்டத்தை வாங்கி வாய்க்கால்மேல் வைத்தான். குமிழி அப்படியே நடுவில் நின்றது. மயிரிழை பிசகில்லை.

"அடப்பாவி மாமா! கதவு நிலை மாதிரியா மாட்டுனீங்க, தண்ணி போற பாதையை? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்குக் கூடம் கோணலா இல்லாததுதான் குத்தம்."

அவர் சிரிக்கவில்லை. மாட்டிய அன்று அவள் கீழே நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. 'கொஞ்சம் சாய்ச்சு வைங்களேன், தண்ணி எப்படிங்க போகும்?' 'கோண வேலை என் கையில வராது' என்று பதில் சொன்னார். பெருமையாகச் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அவள் சொன்னாள். இரண்டு மழைக்காலமாகத்தான் சொல்வதை விட்டிருந்தாள்.

மதியம் வரை வேலை நடந்தது. மச்சான் சரிவு பார்க்க நூல் கட்டினான். குழாய்க் கோடி ஒரு அங்குலம் தாழும்படி கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்கள். ஒட்டைத் துடைத்து, வெயிலில் உலரவிட்டு, இந்த முறை உள்பக்கமாகப் பசை வைத்தார்கள். நூல் சாய்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குக் கண் கூசியது. ஆனாலும் திருப்புளி அவர் கையில்தான் இருந்தது. மறுநாள் பசை இறுகியபின் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது இலை ஓடிப்போய்க் குழாய்க்குள் விழுந்தது.

மச்சான் பையை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தான். "அக்கா சொன்னதைச் செய்யாம போனா எனக்குத்தான் பூசை" என்றான்.

ஒன்பது நாள் வெயில் அடித்தது. பத்தாம் நாள் விடியலில் ஒரு மணி நேரம் கொட்டியது. விட்டதும் சுவரில் கையை வைத்தார். மேலே, நடுவில், தரையோரம். எங்கும் ஈரமில்லை. போனை எடுத்தார்.

"சுவரு காஞ்சிருச்சு. இப்ப மழை பேஞ்சுது, அப்பவும் காஞ்சிருக்கு."

"என்ன பண்ணீங்க?"

"சாய்ச்சு வெச்சேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "யாரு சொல்லி?"

தம்பி சொல்லி என்று சொல்ல வாயெடுத்தார். "நீ சொல்லி."

"நான் சொல்லி ஆறு வருசம் ஆச்சுங்க."

"ஆமா. நீ சொன்னதுதான் சரி."

அவள் சொன்னாள்: "ஒரு மழையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மழை பாப்போம்."

"இந்த மழையும் சேத்தியா?"

அவள் யோசித்தாள். "சேத்திதான்."

"அப்ப இன்னும் ரெண்டு."

"ரெண்டு" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்தபடி நின்றார். உள்ளே ஏதாவது இளகும் என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து அண்ணாந்தார். மேகம் எல்லாம் கலைந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.