விடுபட்ட நான்கு அளவுகள்

எட்டுக் கட்டங்களும் பச்சையாக இருந்ததுதான் சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகைக்குப் போகும் முன்பே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை எல்லோரும் படிக்கட்டும் என்று போட்டுவைக்கும் இணையதளம் அது. வந்து விழும் கட்டுரையை முதலில் மென்பொருள் மேயும். தரவு எங்கே கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறதா, கணக்குப் போட்ட முறை இருக்கிறதா, வேறொருவர் இதையே திரும்பச் செய்து பார்க்க முடியுமா என்றெல்லாம் எட்டுக் கேள்வி கேட்டு, பச்சையோ சிவப்போ போடும். அதற்குப் பிறகுதான் அங்கே வேலை பார்க்கும் சின்னவள் மாதிரி மனிதர்கள் பார்ப்பார்கள். ஆறு வருஷத்தில் எட்டும் பச்சையாகச் சின்னவள் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் பித்தலாட்டம்.

இது மூன்றாவது. எழுதியவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர்.

சொந்தக்காரர் கட்டுரை வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. பக்கத்து மேசைக்காரருக்கு 'சரி சார்' என்று பெயர். மென்பொருள் எதைச் சொன்னாலும் சரி என்பவர். வெளுத்ததெல்லாம் அவருக்குப் பால். தள்ளினாள். தள்ளிய கையோடு தரவுக் கோப்பைத் தானும் திறந்தாள். ஊருக்கே திறந்துவைத்ததைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது?

உள்ளதைச் சொன்னால், அவள் தேடியது தப்பை. அத்தானைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. போன வருஷம் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஆய்வுக்காகப் பண்ணையில் நாற்றுகளின் உயரத்தைத் தினமும் காலையில் அளக்க வேண்டுமாம். ஒரு நாள் விட்டாலும் அறுபது நாள் உழைப்பு பாழாம். பண்ணையை விட்டு நகர முடியாது என்று போனிலேயே முடித்துக்கொண்டார். நான்கு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடந்தவள் சின்னவள். மயக்கம் தெளிந்த அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் என்னடி பண்ணுவார்? செடிக்கு லீவு சொல்ல முடியுமா?" என்று அவளே சிரித்தும் வைத்தாள்.

அறுபது நாளையும் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார் என்றுதான் சின்னவள் நினைத்தாள். ஆனால் இட்டுக்கட்டிய எண்கள் அழகாக இருக்கும்; இவை கரடுமுரடாக இருந்தன. ஒரு நாற்றை ஆடு கடித்திருந்தது, அதையும் எழுதியிருந்தார். ஒரு நாள் அளவுகோலைத் தப்பாக வைத்ததை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். மனுஷன் யோக்கியன்தானோ என்று தோன்றியபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு அந்த வரி. 'இருபத்திரண்டாம் நாள் முதல் இருபத்தைந்தாம் நாள் வரை அளவு எடுக்கவில்லை. ஆய்வாளர் பண்ணையில் இல்லை.' தேதியைப் பார்த்தாள். நம்பாமல் விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினாள். ஆபரேஷன் நடந்த நாளும் அடுத்த மூன்று நாளும்.

அந்த வரிக்கும் மென்பொருள் பச்சை போட்டிருந்தது: விடுபட்ட அளவுகள் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன.

நாலு பொய் எண்ணைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று, தான் பார்க்கும் வேலையையே மறந்து, சின்னவள் நினைத்தாள். ஊருக்கெல்லாம் உண்மை, வீட்டுக்கு மட்டும் பொய். என்ன ஜென்மம் இது!

"உங்க அத்தான் தங்கமான மனுஷன்மா," என்றார் சரி சார். "விட்டதைக்கூட மறைக்காம எழுதுற ஆளு எங்க கிடைப்பாங்க? ஏத்திட்டேன்."

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"அவர் கட்டுரை வந்துடுச்சாமே. தினம் அளந்ததெல்லாம் அதுல இருக்குமாடி?"

"இருக்கும்க்கா."

"எல்லாம் எனக்கு வேணாம். நான் ஆஸ்பத்திரியில இருந்த நாலு நாள் மட்டும் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

குரலில் சிரிப்பில்லை. ஒரு வருஷமாக இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அக்கா வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. பாத்துட்டிருக்கேன்."

மறுமுனையில் அக்கா மூச்சு விடுவது கேட்டது. திரையில், இருபத்தொன்றாம் நாளுக்கும் இருபத்தாறாம் நாளுக்கும் நடுவே, நான்கு வெள்ளைக் கட்டங்கள்.