ஆப்ரமுக்கு எதிராக ஒரு ஓட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. நியூ ஜெர்சியில், ஒரு பள்ளி விளையாட்டுக்கூடத்தில், ஓட்டுப் போட நின்றிருந்தேன். முன்னால் ஒரு வயதான தம்பதி.

"நீ போடறத நான் அடிக்கப்போறேன். நான் போடறத நீ அடிக்கப்போற. பேசாம வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார் அவர்.

"நீங்க முதல்ல போங்க."

இருவரும் நகரவில்லை.

வீடு திரும்பியதும் இருநூறு வருடம் பின்னால் போனேன். [ஏன் அவ்வளவு தூரம்? இதே மாநிலத்தில் 1807 வரை, சொத்துள்ள பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். விதவைகள், மணமாகாதவர்கள் மட்டும். மணமானவளின் சொத்து கணவனுடையது, ஆகவே ஓட்டும்.]

2

முதல் தொடக்கம்: "தேசம் இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த இலையுதிர் காலத்தில்"

அடித்துவிட்டேன். தேசம் எப்போதும் அப்படித்தான் கிடக்கிறது.

இரண்டாவது: "கெசியாவின் சோகமான கண்கள்"

வேண்டாம்.

மூன்றாவது: கெசியா ஸ்டைக்கர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும். வயது நாற்பத்தாறு. விதவை. தோப்பும் வீடும் அவள் பெயரில். குடியரசுக் கட்சி.* எதிரே உட்கார்ந்து குதிரைச் சேணம் தைப்பவர் ஆப்ரம் சட்ஃபின். பக்கத்து நிலத்துக்காரர். மனைவி இறந்து பத்து வருடம். ஃபெடரலிஸ்ட், அதாவது எதிர்க்கட்சி; தொப்பியில் அந்தக் கட்சியின் கறுப்பு நாடாப் பூ.

* இன்று அதே பெயரில் இருப்பது வேறு கட்சி.

3

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே இருவருமே போக வேண்டாம். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. வருடாவருடம் தேர்தல் நடக்கும் இரண்டு நாளும் கெசியாவின் சமையலறையில் காவல் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழ வேண்டும்.

[கழிப்பறை? நானும் யோசித்தேன். உள்ளே இருப்பவர் விடாமல் பாட வேண்டும் என்று வைத்தேன். ஆப்ரமுக்குக் குரல் கிடையாது.]

முதல் வருடம் அவர்கள் பேசவில்லை. மூன்றாம் வருடம் கட்சிச் சண்டை. ஒரு தட்டு உடைந்தது. ஆறாம் வருடம் தேர்தல் முடிந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

4

ஏழாம் வருடம். 1807, அக்டோபர் 14, தேர்தலின் இரண்டாம் நாள் மதியம். ஆப்ரம் ஊசியைக் கீழே வைத்தார்.

"கெசியா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"தொப்பியக் கழட்டிட்டுக் கேளுங்க. அந்தப் பூவப் பாத்தா எனக்குக் காது அடைக்குது."

கழற்றினார். "இப்பக் கேக்குதா?"

"கேக்குது. கல்யாணம் ஆனா என் ஓட்டு போயிடும். உங்களோடது இருக்கும். இங்கிலாந்து ராஜாவுக்கு வால் புடிக்கற கட்சிக்கு வருஷா வருஷம் ஒண்ணு லாபம்."

"நானும் போட மாட்டேன். இதே மாதிரி ரெண்டு பேரும் உக்காந்திருவோம்."

"சாகற வரைக்குமா?"

"சாகற வரைக்கும்."

இங்கே முடித்தேன். ஆப்ரமின் தியாகம். மூன்று நாள் திருப்தியாக இருந்தது. பிறகு அவர்மேல் சந்தேகம் வந்தது. விட்டுக்கொடுப்பது அவருக்கு எளிது. நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

5

எனக்குத் தெரிந்தது கெசியாவுக்குத் தெரியாது. அடுத்த மாதம் சட்டசபை பெண்களின் ஓட்டை எடுத்துவிடும். மணந்தாலும் மணக்காவிட்டாலும். முன்னின்று செய்வது அவள் கட்சிக்காரர்கள். திரும்பி வர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். ஆறு தேர்தலை அவள் சமையலறையில் கழித்துவிட்டாள். இன்று மாலையும் கழிந்துவிட்டால்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

சொல்லிவிடலாமா? ஒரு வரைவில் செய்தியோடு ஒரு பயணியை அனுப்பிக் கதவைத் தட்ட வைத்தேன். அவனையும் அடித்துவிட்டேன். பயந்து போட வேண்டாம். ஆசைப்பட்டுப் போடட்டும்.

6

கெசியா கத்தியை வைத்தாள்.

"உங்களால விட முடியுது. என்னால முடியல. நான் போகணும்."

"அப்ப ஒப்பந்தம்?"

"இன்னியோட சரி."

"நானும் வந்து போடுவேன்."

"வாங்க. வேண்டாம்னு யாரு சொன்னா?"

"ரெண்டும் அடிபட்டுப் போகும், கெசியா. போகாம இருந்த மாதிரியேதான்."

"இல்ல. போயிட்டு வந்த மாதிரி."

அவள் வண்டியிலேயே போனார்கள். ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் பெயரை எழுதும்போது இருவரும் கையால் மறைத்துக்கொண்டார்கள். வாக்குச்சாவடி ஊர் விடுதியில். வாசலில் நின்றவன் கேட்டான்:

"என்ன சட்ஃபின், எதிரியக் கூட்டிட்டு வர்றீங்க?"

"வழியில தள்ளிவிடலாம்னுதான் பாத்தேன். கடிவாளம் அவங்க கையில."

கூட்டம் சிரித்தது. கெசியாவும்.

7

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. மணந்துகொள்கிறார்கள். மணந்துகொள்ளவில்லை. மணக்காமல், வருடம் முழுக்க அதே சமையலறையில் உட்காருகிறார்கள். மூன்றையும் உங்களிடம் விடுகிறேன்.

ஓட்டை மட்டும் விட மாட்டேன். அது அவளுடையது.

அதிகாரி பெயரைக் கேட்டார். "கெசியா ஸ்டைக்கர்," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. சீட்டைப் பெட்டியில் போட்டாள். அடுத்து ஆப்ரம். அவரும் போட்டார். ஒன்றுக்கு ஒன்று.

நவம்பர் வரும். இந்தக் கதைக்குள் அதை நான் விடவில்லை.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வண்டியில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தபடி கெசியா சொன்னாள்:

"மத்தியானம் ஒண்ணு கேட்டீங்களே, ஆப்ரம். அதுக்கு என் பதில்