இன்று நீ ஜெயராணி

ஜெர்மன் பேசிப் பழக வாத்தியார் வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும் என்று முடிவு கட்டியவள் டயானா. ஆன்லைனில் பாடம் எடுத்தவர் சென்னையில் இருந்தார். போர்ட் பிளேரின் நெட் அவரை முக்கால்வாசி நேரம் வாய் திறந்தபடியே நிறுத்தி வைத்துவிடும். அதனால் டியூட்டி முடிந்த மாலைகளில், ஹேடோவில் டயானாவின் அப்பாவுக்குத் துறைமுகம் கொடுத்த குவார்ட்டர்ஸின் முன்னறையில், ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடி ஜெர்மனிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த டயானா, ஜெயராணி என்ற இரண்டு நர்சுகளும் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த அரைகுறையை ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள்.

சட்டதிட்டங்களும் டயானாவுடையவைதான். தமிழோ ஹிந்தியோ வாயில் வந்தால் அன்றைக்கு டீ டம்ளர் கழுவ வேண்டும். பேச்சு தடுக்கினால் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் ஆள் மாற்றம். அவரவர் கதையையே தினமும் சொன்னால் அலுத்துப் போகுமாம். ஆகவே டயானா ஜெயராணியாகவும் ஜெயராணி டயானாவாகவும் மாறி, மற்றவளின் வாழ்க்கையை 'நான், நான்' என்று சொல்ல வேண்டும்.

டயானாவாக இருப்பது ஜெயராணிக்குச் சுலபம். ஞாயிறு கோயிலுக்குப் போவேன், அம்மா லூசி நன்றாக மீன் பொரிப்பாள், தம்பி பைக்கில் கொண்டுபோய் விடுவான். இவ்வளவுதான். சுகமாக வளர்ந்த பெண்ணுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? டயானாவுக்குத்தான் பெரிய பாகம் வாய்த்தது.

ஜெயராணி நிக்கோபாரில் கச்சால் தீவுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களை ரப்பர் மரத்தடியில் இறக்கிவிட்டார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அவள் சிறுமியாக இருந்தபோது அம்மா வேலாயிக்குப் பிரசவம் சிக்கலாகி, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கப்பல் ஏற்றினார்கள்; ஜெயராணியும் கூடப் போனாள். கடல் மோசம், கப்பல் மெதுவாகத்தான் வந்தது. வழியிலேயே அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போய்விட்டது. லீவில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மலையாளி நர்சு, யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணின் தலையைக் கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெயராணியின் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அன்றைக்கே ஜெயராணி நர்சாவதென்று தீர்மானித்துவிட்டாள்.

இதை அவள் தமிழில் ஒருவரிடமும் சொன்னதில்லை. 'அம்மா' என்று ஆரம்பித்தாலே அடுத்த சொல் வராது. டயானாவிடம் ஜெர்மனில் சொல்ல முடிந்தது. ஜெர்மனில் அம்மாவுக்கு 'முட்டர்'; அந்தச் சொல்லில் அவளுக்கு யாரும் இல்லை. பழகப் பழக டயானா வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தாள், நல்ல வினைச்சொற்களைத் தேடித் தந்தாள். எத்தனையோ மாலைகளில் டயானா ஜெயராணியாகி அதே கப்பலில் ஏறி இறங்கினாள். தன் துக்கத்தை இன்னொருத்தி இவ்வளவு அழகாகச் சொல்கிறாளே என்று பைத்தியக்கார ஜெயராணி சந்தோஷப்பட்டாள்.

நேர்காணல் ஊருக்குள் குட்வில் எஸ்டேட் பகுதியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஆபீஸின் கம்ப்யூட்டர் முன்னால் நடந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். வருஷக்கணக்காக ஒப்பந்த நர்சாகவே தேய்ந்துகொண்டிருந்த ஜெயராணிக்கு இதை விட்டால் வேறு கதி கிடையாது. டயானாவைக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அச்சா ஹோ கயா", நல்லபடி முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள்.

மத்தியானம் ஜெயராணியின் முறை. ஏன் நர்சானீர்கள் என்று திரையில் இருந்த நரைத்த தலை அம்மாள் கேட்டாள். ஜெயராணி ஆரம்பித்தாள். நாலு வாக்கியம் போவதற்குள் அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கவும். உங்கள் கப்பல்களில் எத்தனை அம்மாக்கள் இறக்கிறார்கள்? காலையிலும் ஒரு பெண் இதையே சொன்னார்."

அது என் அம்மா என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பெரிய ஜெர்மன் ஒன்றும் தேவையில்லை. ஆனால் பேச்சு தடுக்கிவிட்டது. தடுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று நாக்குக்கு அத்தனை மாலைகள் சொல்லிக்கொடுத்திருந்தனவே, அதையே செய்தது. ஜெயராணி முதல் வாக்கியத்திலிருந்து, எழுத்துப் பிசகாமல், மறுபடி ஆரம்பித்தாள். அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டு முடித்து நன்றி சொன்னாள். மனப்பாடம் செய்தவர்கள் வேண்டாம் என்று சாயங்காலமே ஏஜென்சிக்குத் தகவல் வந்துவிட்டது. டயானா தேர்வாகியிருந்தாள்.

மறுநாள் மாலை ஜெயராணி ஹேடோவுக்குப் போனாள். டயானா வாசலிலேயே மறித்தாள்.

"ஏட்டி, சத்தியமா பிளான் பண்ணல. சின்ன வயசு ஆசைன்னுதான் மொதல்ல சொன்னேன். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, உங்க சொந்தக் கதையச் சொல்லுங்கன்னு அந்த ஜெர்மன் அம்மா கேட்டாங்க. பயத்துல வாய்க்கு வந்தது அதான். தினம் உன்னையத்தான பேசிட்டிருந்தேன்?"

"கண்ணீரும் பயத்துல வந்துச்சா?"

டயானா உள்ளே கண்ணைக் காட்டி, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத, பிளீஸ்" என்றாள்.

அதைக் கேட்டதும் ஜெயராணிக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. டயானாவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். லூசி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ள, உனக்குக் கிடைக்கலியாமே? அடுத்த தடவ மாதா வழி காட்டுவா."

"ஆன்ட்டி, ஒங்க மக ஒங்கள கப்பல்ல சாகடிச்சிட்டா. அத சொல்லித்தான் வேல வாங்கியிருக்கா. செத்தது எங்கம்மா ஆன்ட்டி, வேலாயி. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அம்மா, அம்மான்னு கத்துனேன்."

அவ்வளவையும் தமிழில் சொல்லிவிட்டாள். லூசி கரண்டியோடு திரும்பி மகளைப் பார்த்தாள். டயானா தலையைக் குனிந்துகொண்டாள். லூசி சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பை அணைத்தாள். மகளை ஒன்று வைப்பாள் என்றுதான் ஜெயராணி நினைத்தாள்.

"வேல உறுதிதான?" என்று லூசி மகளைக் கேட்டாள். டயானா தலையாட்டினாள்.

லூசி பெருமூச்சு விட்டு ஜெயராணியின் தோளைத் தொட்டாள். "செஞ்சது தப்புதான் பிள்ள. ஆனா என்னைக் கொன்னாவது எம்பிள்ள கரையேறுச்சுன்னா ஏறட்டுமே. நீயும் வெளிய சொல்லாத. உங்கம்மா இருந்திருந்தாலும் இதத்தான சொல்லியிருப்பா?"

"எங்கம்மா இருந்திருந்தா ஒங்க மகளுக்குச் சொல்லக் கதையே இருந்திருக்காது, ஆன்ட்டி."

ஜெயராணி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.