வெர்லின் கேட்ட வழிகாட்டி

"வெர்லின் இந்த வருஷம் உன்கூட வரல. பிரின்கூட ஆத்துப்பக்கம் போறாராம். அவரேதான் கேட்டாரு," என்றாள் ஹாட்டி. இந்த வேட்டை முகாமின் முதலாளி அவள். எவ்வளவு கெட்ட செய்தியானாலும் அடுப்பில் அப்பத்தைத் திருப்பிக்கொண்டேதான் சொல்வாள்.

வாயில் இருந்த சாசேஜை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"வருஷா வருஷம் என்கூடத்தானே வருவாரு?"

"வருவாரு. இந்த வருஷம் வரல. மூஞ்சிய அப்படி வச்சுக்காத கார்னெட், பால் திரிஞ்சிடும்."

மேஜையின் அந்தக் கோடியில் பிரின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் வேலைக்கு வந்த பெண். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன்.

கனடாவின் வடக்கு மூலையான இந்த யூக்கானில் செப்டம்பர் பிறந்தால் ஆண் மூஸ் மான்கள் ஜோடி தேடிக் கத்த ஆரம்பிக்கும். அவற்றைச் சுடத் தெற்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஆளுக்கு ஒரு வழிகாட்டி. பழைய விருந்தாளி தன் பழைய வழிகாட்டியைத்தான் கேட்பார். மாற்றிக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று முகாமில் நாய்க்குக்கூடத் தெரியும்.

வெர்லின் அமெரிக்காவில் விஸ்கான்சினில் பால்பண்ணை வைத்திருந்தவர். என் மனைவி என்னை விட்டுப் பிரிந்த வருஷம், கூடாரத்தில் தன் விஸ்கியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்து, ஒரு வார்த்தை புத்திமதி சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பாலாடைக்கட்டி அனுப்புவார். எனக்கு நண்பன் என்று இருக்கும் ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் அந்தப் பெண் தட்டிக்கொண்டு போகிறாள். வயிறு எரிந்தது.

இதில் கொடுமை, எல்லாப் பயணத்துக்கும் சாமான் கட்டுவது என் பொறுப்பு. கூடாரம், அடுப்பு, கயிறு, இறைச்சியைப் போட்டு வைக்கும் துணிப்பைகள், கத்தி தீட்டும் கல் என்று அவர்களுடைய பெட்டிகளை நானே நிரப்பினேன். ஓட்டைத் தார்ப்பாய் ஒன்று கையில் கிடைத்தது. மடித்து உள்ளே வைத்தேன். நனையப்போவது வெர்லினும்தான் என்று தோன்றியதும் வெளியே எடுத்துவிட்டு நல்லதை வைத்தேன்.

"அவருக்குத் தலைக்கு வச்சுக்க ஏதாவது வேணுமா?" என்று பிரின் வந்து கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். உன் விருந்தாளி. நீயே கேட்டுக்க."

அவள் போனதும் இரண்டு தலையணைகளைத் திணித்தேன். ஒன்று தலைக்கு, ஒன்று இடுப்புக்கு. பீன்ஸோடு சேர்த்துச் சாப்பிட அவருக்குப் பிடித்த கடுகு விழுதையும் வைத்தேன். அதையெல்லாம் அவள் வைத்ததாக அவர் நினைத்துக்கொள்வார் என்று அப்புறம்தான் உறைத்தது.

மதியம் மிதவை விமானம் ஏரியில் வந்து இறங்கியது. வெர்லின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். போன வருஷத்தைவிட மெலிந்திருந்தார். என் தோளைத் தட்டினார், நலம் விசாரித்தார். அடுத்த கேள்வி, "பிரின் எங்க?"

அவள் பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிச் செய்த ஊதுகுழலோடு ஓடிவந்து, பெண் மூஸ் மாதிரி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். அவர் கை தட்டினார். அந்தக் குரலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மடையன் நான்தான்.

விமானத்தில் வரும் துப்பாக்கி எங்காவது இடித்துக் குறி தப்பியிருக்கும். அதனால் காட்டுக்குள் போவதற்கு முன் எல்லாரும் காகித இலக்கில் சுட்டுக் காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. வெர்லின் குப்புறப் படுத்துச் சுட்டார். எங்கே பட்டது என்று பார்க்கப் பிரின் காகிதத்தை நோக்கி நடந்தாள். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு துப்பாக்கியப் படகுலயே போட்டுட்டுத்தான் கரையேறும். கரடி வந்தா அடிக்க ஒரு மிளகு ஸ்பிரே, அவ்வளவுதான். நீங்க சுடும்போது துணைக்கு இன்னொரு துப்பாக்கி இருக்காது."

"தெரியும்யா. போன்ல அவகிட்ட அதைத்தான் முதல்ல கேட்டேன்."

"எதை?"

"நான் சுடும்போது உன் கையில துப்பாக்கி இருக்குமான்னு. இருக்காதுன்னு சொன்னா. அப்ப உன்கூடவே வரேன்னுட்டேன்."

அவர் துப்பாக்கியைத் தடவிக்கொண்டே சொன்னார். "போன வருஷத்து மான வீட்டுல துண்டு போடுறப்போ தோள்ல ஒரு குண்டு கிடைச்சுது. என்னோடது சின்னது. அது பெருசு. உன்னோடது."

உண்மைதான். அவர் விசையை அழுத்தும் அதே நொடியில் நானும் அழுத்துவேன். இரண்டு வெடியும் ஒரே வெடியாகக் கேட்கும். கையும் கண்ணும் தளர்ந்த மனிதர், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏமாந்து திரும்ப வேண்டாமே என்றுதான். வேறு எந்த விருந்தாளிக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

"நீங்க வெறுங்கையோட ஊருக்குப் போயிருப்பீங்க," என்றேன்.

"போயிருப்பேன். அதனால என்ன?" குரலில் கோபமே இல்லை. "வீட்டுச் சுவத்துல நாலு கொம்பு மாட்டி வச்சிருக்கேன், கார்னெட். வர்றவங்ககிட்ட எல்லாம் கதை சொல்லியிருக்கேன். அதுல எது என்னோடதுன்னு நீயே சொல்லு."

தரையில் கிடந்த காலித் தோட்டாவைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

"வெர்லின், ஒரு சாண் இடதுபக்கம் தள்ளிப் போயிருக்கு," என்று அங்கிருந்து பிரின் கத்தினாள். "பாக்கவே அசிங்கமா இருக்கு."

நானாக இருந்தால் பிரமாதம் என்று சொல்லியிருப்பேன். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் திரும்பி வந்து, துப்பாக்கி மேல் இருந்த தொலைநோக்கியில் இரண்டு திருகு திருகி, அவர் பக்கத்தில் வெறுங்கையோடு குப்புறப் படுத்தாள். அவர் மறுபடி சுட்டார். தன் தூரக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னும் மோசம்," என்றாள்.

வெர்லின் தோள் குலுங்கச் சிரித்தார். என்னோடு வந்த வருஷங்களில் ஒரு நாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் பொறாமை அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது. அவர்கள் அடுத்த குண்டைப் போடுவதற்குள் எழுந்து, பெட்டிகளைப் படகில் ஏற்றப் போனேன்.